30 மணி நேர ஓய்வு: ஒரு செம்பனை ஆலைக் கிராணியின் நிகழ்வு ஆய்வு

இது மலேசியாவில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கும் ஓர் அம்மாவைப் பற்றியது. இந்த நிகழ்வில் வார விடுமுறை கிடைக்கவில்லை என்ற குறை கிடையாது. ஞாயிறு விடுமுறை, ஆண்டு விடுப்பு, உடம்பு முடியாவிட்டால் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) என்று சட்டம் சொல்வது எல்லாம் அந்த அம்மாவுக்கு இருந்தது. அப்படியும் 2023 அக்டோபரில் ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பியவர், மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்யக் கை வராமல் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். விடுமுறை இருந்தும் ஓய்வு ஏன் இல்லாமல் போனது, அது எப்படித் திரும்பி வந்தது, அதற்காக அந்தக் குடும்பம் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தது என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இவரைப் போன்ற பெண்கள் தோட்டப்புற ஊர்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்கம்மா" என்று சொல்வதோடு நம் கடமை முடிந்ததாக நினைக்கிறோம். அந்த ஒரு வார்த்தையால் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதை அருகில் இருந்து பார்த்தேன்.

நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆலோசக ஆசிரியை. இதை எழுத அவர் முழு மனதோடு சம்மதித்தார். பெயர், ஆலை, ஊர் எதையும் சொல்லவில்லை.

ஆளும் வேலையும்

தெலுக் இந்தானிலிருந்து கடற்கரை நோக்கிப் போகும் சாலையில் உள்ள ஊர்களில் ஒன்று. இரண்டு வரிசைக் கடைகள், ஒரு மாரியம்மன் கோவில், ஒரு தமிழ்ப்பள்ளி, வாரம் ஒரு நாள் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை. சுற்றிலும் செம்பனை. இடையிடையே பழைய தென்னந்தோப்புகள். அவருக்கு அப்போது 42 வயது. கணவர் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மகள் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வு) எழுத இருந்தாள், மகன் ஆறாம் ஆண்டு. மாமியார் உடன் இருக்கிறார். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி ஓய்வு பெற்றவர். தோட்டத்து வேலை முடிந்ததும் லயத்து வீட்டையும் விட்டு வெளியேற வேண்டியிருந்ததால், கடன் போட்டுத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு மலிவு விலை வீடு வாங்கினார்கள். வேலை போனால் வீடும் போகும் என்பதைக் கண்ணால் பார்த்த குடும்பம் அது. அந்த வீட்டுக் கடன் தவணை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

அவர் வேலை செம்பனை ஆலையின் வாசலில். உள்ளே வரும் லோரியைப் பழக்குலையோடு எடை போட வேண்டும், இறக்கிவிட்டு வெளியே போகும்போது வெறும் வண்டியை மறுபடி எடை போட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பழத்தின் எடை. அந்தச் சீட்டை வைத்துத்தான் தோட்டங்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் பணம் போகும். 14 வருடங்களாக அவர் கையால் போன சீட்டில் ஒரு தப்பு வந்ததில்லை என்று ஊரில் பேர் உண்டு.

வெட்டிய குலையை ஆலையில் போட்டு வைத்துக்கொண்டிருக்க முடியாது. அடிபட்ட பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெயின் தரம் இறங்கும். 24 மணி நேரத்துக்குள் அவித்துப் பிழிந்துவிட வேண்டும் என்பது ஆலைகளின் பொது வழக்கம். அதனால் கடைசி லோரி உள்ளே வரும்வரை எடை மேடையில் ஆள் இருந்தாக வேண்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை காய்ப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்கள். மாலை 5 மணிக்கு முடிய வேண்டிய வேலை 8 மணிவரை இழுக்கும். இது முதலாளியின் பேராசையால் மட்டும் வருகிற அவசரம் அல்ல, பழத்தின் தன்மையே அப்படி. இதைப் புரிந்துகொள்ளாமல் ஆலையோடு பேசப் போயிருந்தால் எங்கள் பேச்சு எடுபட்டிருக்காது.

இதோடு இன்னொரு வேலை. இரவில் பிளவுஸ் தைப்பார். கைநேர்த்திக்காகப் பக்கத்து ஊர்களிலிருந்தும் துணி வரும். தீபாவளி பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ வருகிறது. ஆக, ஆலையில் பழம் குவிகிற அதே மாதங்களில் வீட்டில் துணியும் குவியும். இரண்டு உச்சமும் ஒரே ஆளின் தலையில் ஒன்றாக இறங்கியதுதான் இந்த நிகழ்வின் முதல் முடிச்சு. அவரும் வருடா வருடம் அதைக் கடந்து வந்திருக்கிறார். ஆனால் 2023-இல் மகளின் டியூஷன் செலவு கூடியது, கணவரின் லோரி பழுதாகிச் சில வாரங்கள் வருமானம் நின்றது. அதனால் வழக்கமாகத் திருப்பி அனுப்பும் துணிகளையும் அந்த வருடம் வாங்கிக்கொண்டார்.

வெளியே தெரிந்தது

எனக்கு விஷயம் தெரிந்தது மகன் வழியாக. "என் ஞாயிற்றுக்கிழமை" என்று வகுப்பில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவன் எழுதியது இது: "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அம்மாவிடம் பேச மாட்டோம். பேசினால் தையல் தப்பிவிடும்." வகுப்பாசிரியை நோட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பையனிடம் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் அடி, சண்டை எதுவும் இல்லை. அம்மா ஒரு வாரமாகச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான் என்றான்.

அம்மாவை வரச் சொல்லி ஆள் அனுப்புவதற்குள் ஆலையில் அது நடந்துவிட்டது. அடுத்தடுத்து நின்ற இரண்டு லோரிகளின் சீட்டை மாற்றிப் பதிந்துவிட்டார். ஒரு சிறு தோட்டக்காரருக்கு ஒரு டன்னுக்கு மேல் குறைந்தது. அவர் சீட்டோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. கணக்கைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் ஆலை காரணம் கேட்டுக் கடிதம் கொடுத்தது. அதே வாரத்தில் நள்ளிரவுக்குப் பிறகு தையல் ஊசி விரலில் ஏறியது. அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் அந்த வாசல் சம்பவம். நெஞ்சு அடைப்பதாகச் சொன்னதால் கணவர் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனார். இ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் எம்.சி. கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் உட்கார்ந்து ஏழு பிளவுஸ் தைத்து முடித்திருக்கிறார்.

இதை அவர் என்னிடம் சொன்னபோது குரலில் ஒரு நிம்மதி இருந்தது. "எம்.சி. கிடைச்சதுனால கொஞ்சம் வேலை ஓடுச்சு டீச்சர்" என்றார்.

இது என்ன சோர்வு

பணிச்சோர்வு (burnout) என்பதை 1974-இல் நியூயார்க்கில் இருந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் முதலில் விரிவாக எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்கும் வழியைக் கொண்டுவந்தார். உலக சுகாதார நிறுவனம் தன் 11-ஆவது நோய் வகைப்பாட்டில் இதை வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்று சேர்த்தது. நோய் என்று சொல்லவில்லை. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பு சேர்வது, செய்யும் வேலையின் திறன் குறைவது.

மூன்றும் இவரிடம் இருந்தன. முதலாவதும் மூன்றாவதும் எல்லார் கண்ணிலும் பட்டன. இரண்டாவதைப் பற்றி அவராக வாய் திறக்க நாளானது. முன்பெல்லாம் லோரிக்காரர்கள் ஒவ்வொருவரின் வீட்டு நிலவரமும் அவருக்குத் தெரியும். அந்த மாதங்களில் எண்பலகையைத் தவிர எதையும் பார்க்கவில்லையாம். கல்யாணப் பெண்ணுக்குத் தைக்கும்போதுகூட "சீக்கிரம் முடிஞ்சு ஒழியட்டும்" என்றுதான் இருந்தது என்றார். நல்ல கைத்தொழில்காரர் ஒருவர் தன் தொழில்மீது வெறுப்பு கொள்வதைவிட எனக்குக் கவலை தரும் அடையாளம் வேறு இல்லை. தூங்கி எழுந்தால் உடல் களைப்பு ஓரளவு போய்விடும், இந்த வெறுப்பு அப்படிப் போவதில்லை.

ஆனாலும் எல்லாவற்றையும் பணிச்சோர்வு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மறுபடியும் கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். தைராய்டு, சர்க்கரை இரண்டும் சரியாக இருந்தன. ஹீமோகுளோபின் 10.2. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. நாற்பதுகளில் மாதவிடாய் அதிகமாகி இரத்தம் குறைவது சாதாரணமாக நடப்பது. அதைச் சோம்பல் என்றும் வயது என்றும் சொல்லித் தள்ளிவிடுகிறோம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவர் அதை இரவு தையலுக்கு உட்காரும்போது டீயோடு போட்டுக்கொண்டிருந்தார். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்று மருந்தாளர் சொன்ன பிறகு நேரத்தை மாற்றினார். இந்த ஒரு விஷயத்துக்காகவே சொல்கிறேன்: ஓய்வு, தியானம், மனநலம் என்று பேச ஆரம்பிக்கும் முன் இரத்தம் பாருங்கள்.

நோட்டில் போட்ட கணக்கு

ஒரு மாலை பள்ளியில் உட்கார்ந்து, உச்சப் பருவத்தில் அவருடைய ஒரு வாரத்தை மணி மணியாக எழுதினோம்.

ஆலையின் சாதாரண நேரம்: திங்கள் முதல் வெள்ளிவரை 8 மணி நேரம், சனி 5 மணி நேரம். மொத்தம் 45. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வார வேலை நேரம் 48-லிருந்து 45 ஆகக் குறைந்ததல்லவா, அந்தக் கணக்கு. அதற்கு மேல் ஓ.டி. (மிகை நேர வேலை) நாளைக்கு 3 மணி நேரம், வாரத்துக்கு 15. ஆக 60. மாதத்துக்கு ஓ.டி. 65 மணி நேரம் வரும். சட்டம் மாதத்துக்கு 104 மணி நேரம்வரை அனுமதிக்கிறது. எனவே ஆலைமீது சட்டப்படி குறை சொல்ல இடமில்லை.

அப்புறம் தையல். இரவு 10 முதல் 1 மணிவரை ஆறு நாள், 18 மணி நேரம். ஞாயிறு 8 மணி நேரம். எல்லாம் சேர்த்தால் 86. இதில் காலை 4.45-க்கு எழுந்து சமைப்பதும், துணி துவைப்பதும், மாமியாரின் மருந்து பார்ப்பதும் சேரவில்லை. சட்டம் எண்ணுவது ஆலையின் மணிகளை மட்டும்தான். இரவுத் தையலை எண்ண எந்த அதிகாரியும் இல்லை. இரண்டு வேலை பார்ப்பவர்களை எந்த வேலையின் பாதுகாப்பும் முழுதாகக் காப்பதில்லை. தோட்டப்புறத்தில் ஒற்றை வேலையில் வாழும் குடும்பம் இப்போது எத்தனை?

உலக சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதய இரத்தக்குழாய் நோயால் சாகும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம் என்று கண்டார்கள். இவர் ஆலை நேரத்திலேயே அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். தூக்கமும் நான்கு மணி நேரத்துக்குக் குறைவு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்கு மங்கிவிடுகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் நாட்டில் 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு வண்டி ஓட்டுபவர்களுக்கு உள்ள எல்லையும் அதுதான். 4.45-க்கு எழுபவருக்கு இரவு 9.45-க்கு 17 மணி நேரம் ஆகிவிடும். அவர் மிஷினில் உட்காருவதே 10 மணிக்கு. ஊசி விரலில் ஏறியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இந்த எண்கள் எதுவும் அவரை அசைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பக்கவாதம் என்றதும் மாமியாரைப் பற்றித்தான் விசாரித்தார். அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது காசுக் கணக்கு.

அவர் மாதச் சம்பளம் 2,080 வெள்ளி (ரிங்கிட்). 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 80. எட்டால் வகுத்தால் மணிக்கு 10. ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 15 வெள்ளி. பிளவுஸுக்கு அவர் வாங்கிய கூலி 40. உள்துணி, ஊக்கு, நூல் எல்லாம் 8 போனால் 32. வெட்டுவதிலிருந்து ஊக்கு வைக்கும்வரை மூன்று மணி நேரம். மணிக்கு 10 வெள்ளி 70 காசு. நள்ளிரவுக்கு மேல் தைத்ததில் கை மாறிப்போய்ப் பிரித்துத் தைக்க ஒரு மணி நேரம் கூடினால் மணிக்கு 8 வெள்ளிதான். ஆனால் பழைய பிளவுஸைப் பிரித்துவிடுவது, சுருக்குவது போன்ற திருத்த வேலைக்கு 12 வெள்ளி வாங்குகிறார், அரை மணி நேரம்கூட ஆகாது.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கத்தை விற்று வாங்கிய மணிகள்தான் அவருக்கு ஆகக் குறைந்த கூலி கொடுத்த மணிகள். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் குண்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் பழைய கணக்கைப் பொருளியல் அறிஞர் ஜான் பென்கேவல் 2014-இல் மறுபடி ஆராய்ந்தார். வாரம் 70 மணி நேரம் உழைத்தபோது வந்த உற்பத்திக்கும் 56 மணி நேரத்தில் வந்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார். தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு தையல் மிஷினிலும் அதே கதைதான்.

முதல் முயற்சி

தீபாவளி முடிந்த கையோடு மூன்று நாள் ஆண்டு விடுப்பு எடுத்து, குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போய்வந்தார். முகம் தெளிந்துதான் வந்தது. டிசம்பர் பாதியில் பழையபடி ஆகிவிட்டது. விடுமுறைப் பயணத்தின் பலன் சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. வருடத்துக்கு ஒரு முறை எடுக்கும் பெரிய விடுமுறை, வாரா வாரம் வர வேண்டிய ஓய்வுக்கு ஈடாகாது. நீர் குடிப்பதை யாராவது ஆண்டுக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்வார்களா?

வழி சொன்னது மாமியார். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோது, மருமகள் தினமும் 8 மணிக்கு வருவதைப் பற்றிச் சொன்னார்: "பால்மரத்தை தெனம் வெட்டக் கூடாது டீச்சர். ஒருநாள் விட்டு ஒருநாள்தான். தெனம் வெட்டினா பட்டை காஞ்சிரும், அப்புறம் பாலே வராது. மரத்துக்கு லீவு குடுத்தாங்க. நாங்க மறுநாள் பக்கத்து நெரைக்குப் போயிருவோம்."

தோட்ட நிர்வாகத்தில் அது எழுதிவைத்த முறை. அரை வட்ட வெட்டு, ஒருநாள் இடைவெளி. பால் மறுபடி ஊற மரத்துக்கு நேரம் வேண்டும் என்பது அறிவியல். அந்த நேரத்தைக் கணக்கில் எழுதி, பெரட்டில் (காலை ஆள் எடுப்பில்) சொல்லி, மண்டோர் (மேற்பார்வையாளர்) பார்த்துக்கொண்டார். மரம் தானாகக் கேட்டு வாங்கவில்லை. வெட்டுபவருக்கோ நாள்கூலி, வேலைக்குப் போகாத நாளுக்குக் காசு இல்லை. ஓய்வு என்றாலே பசி என்று பழகிய தலைமுறை வளர்த்த பிள்ளைகள்தான் இப்போது ஆலையிலும் கடையிலும் இருக்கிறார்கள். சும்மா உட்கார அவர்களுக்கு வெட்கமாக இருப்பதில் வியப்பில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள். அதையே ஓ.டி.க்கு வைத்துப் பார்க்கலாமே என்று மருமகள் கேட்டார்.

மாற்றியவை

ஆலையில் முதலில் எடுபடவில்லை. "எல்லாரும் ஓ.டி. வேணும்னு நிக்கிறாங்க, நீங்க வேணாங்கிறீங்களே" என்றார் சூப்பர்வைசர். வாய்ப்பேச்சை விட்டுவிட்டு எழுத்தில் கேட்டோம். திருத்தப்பட்ட வேலைச் சட்டத்தின் 60P, 60Q பிரிவுகளின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மலாயில் ஒரு பக்கக் கடிதம். அதில் அவர் தன் களைப்பைப் பற்றி ஒரு வரிதான் எழுதினார். மீதி எல்லாம் ஆலையின் பிரச்சினை: எடை மேடையில் ஒரே ஆள் இருந்தால், அவர் ஒருநாள் வராவிட்டால் லோரிகள் வாசலில் நிற்கும், அலுவலகத்தில் இருக்கும் இளைஞர் ஒருவருக்கு வேலை கற்றுக்கொடுக்கத் தயார், இருவரும் மாலை நேரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்துக்கொள்கிறோம். ஆலை ஒப்புக்கொண்டது. சீட்டு மாறிப்போன சம்பவம் நிர்வாகத்தையும் யோசிக்க வைத்திருக்க வேண்டும்.

இந்த நிகழ்வில் மிக முக்கியமான மாற்றம் இதுதான் என்று நினைக்கிறேன். அவருடைய மன உறுதியால் ஓய்வு வரவில்லை. அவர் இடத்தில் நிற்க இன்னொருவர் தயாரானதால்தான் வந்தது. மதியச் சாப்பாடும் அதனால் மாறியது. அதுவரை லோரிகளுக்கு நடுவே கம்ப்யூட்டர் முன்னாலேயே சாப்பிட்டுவந்தார். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளியின்றி வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இளைஞர் மேடையில் உட்கார, இவர் வெளியே போய் மரத்தடியில் சாப்பிட்டார்.

தையலில் மாற்றங்களை அவரே முடிவு செய்தார். கூலி 55 ஆனது. கை வேலையும் ஊக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு, பிளவுஸுக்கு 5 வெள்ளி. ஓ.டி. இல்லாத நாள் மட்டும் இரவு 9 முதல் 11 வரை தையல், சனி மதியம் கொஞ்சம். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. செப்டம்பர் 30-க்குப் பிறகு துணி வாங்குவதில்லை என்று வாட்ஸ்அப்பில் ஜூலையிலேயே போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரும்பாடு. ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு வார ஓய்வு தொடர்ந்து 30 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டத்தில் ஒரு அளவு இருக்கிறது. அவர் ஷிப்ட் ஆள் இல்லைதான், ஆனாலும் அந்த அளவைக் கடன் வாங்கிக்கொண்டோம். சனி இரவு 10 முதல் திங்கள் காலை 4 மணிவரை மிஷினுக்கு உறை. போன் மகளிடம். வேலையிலிருந்து நேரத்தால் விலகினால் போதாது, நினைப்பாலும் விலக வேண்டும் என்று ஜெர்மன் உளவியலாளர் சபீனா சொன்னென்டாக் பல வருடங்களாக ஆராய்ந்து சொல்லிவருகிறார். போன் கையில் இருந்தால் அது நடக்காது. ஞாயிறு மதியம் பழ விலை கேட்டு ஒருவர், கழுத்து டிசைன் அனுப்பி இன்னொருவர் என்று வந்துகொண்டே இருக்கும்.

முதல் சில ஞாயிறுகளில் அவருக்குத் தலைவலி வந்தது. உட்கார முடியாமல் வீடு முழுக்கக் கழுவினார், பரணில் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தேய்த்தார். "என்னமோ தப்பு பண்ற மாதிரி இருக்கு டீச்சர்" என்றார். நான் அவரைப் படுக்கச் சொல்லவில்லை. சும்மா படுத்துக் கிடப்பதுதான் ஓய்வு என்றில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறித் தெலுக் இந்தானுக்குப் போய், சாய்ந்த கோபுரத்துப் பக்கம் சாப்பிட்டுவிட்டு அக்கா வீட்டில் மாலைவரை கதை பேசிவிட்டு வந்தார். அது பிடித்துப்போனது. பிறகு மதியத் தூக்கமும் தானாக வந்தது.

என்ன ஆனது, என்ன ஆகவில்லை

2024 உச்சப் பருவத்தில் அவர் வாரம் சுமார் 62 மணி நேரம் வேலை செய்தார். இன்னும் அதிகம்தான், 55-க்குக் கீழே வரவில்லை. ஆனால் 86-லிருந்து 62. மகளும் மகனும் காலைச் சமையலைப் பங்கு போட்டுக்கொண்டதால் தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பருவத்தில் எடைச்சீட்டில் அவர் கையால் தப்பு வரவில்லை. ஹீமோகுளோபின் 12-ஐத் தாண்டியது. தெளிச்சியில் பாதி மாத்திரையால் வந்ததாக இருக்கலாம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு ஞாயிறும் உறையைக் கழற்றிவிட்டார். அடுத்த வாரமே திரும்பப் போட்டார்.

வருமானம் உச்ச மாதங்களில் மாதத்துக்கு 700 வெள்ளிக்கு மேல் குறைந்தது. ஓ.டி. பாதியானதில்தான் பெரும் பகுதி. அதை எதை வைத்து ஈடு செய்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. எஸ்.பி.எம். எழுதி முடித்த மகள் ஆறாம் படிவம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) சேர்ந்திருந்தாள், அவளுக்கு நான்கு பாடத்துக்கு எடுக்க இருந்த டியூஷன் இரண்டானது. மீதி இரண்டுக்குப் பள்ளியில் ஒரு ஆசிரியர் மாலை உதவினார். எல்லா வீட்டுக்கும் அப்படி ஒரு ஆசிரியர் கிடைக்க மாட்டார். வீட்டுக்கு அந்தத் தீபாவளியில் சாயம் அடிக்கவில்லை. செப்டம்பர் 30-க்குப் பிறகு துணியோடு வந்த சின்னத்தையைத் திருப்பி அனுப்பியதால், அவர் தைப்பூசம்வரை பேசவில்லை. கோவில் திருவிழாக் குழுவில் ஞாயிறு கூட்டங்களுக்குப் போவதில்லை என்று சொன்னதற்கும் பேச்சு வாங்கினார். குடும்பத்துக்காக ஓடுகிற பெண்ணைப் புகழும் ஊர், அவள் கொஞ்சம் உட்கார்ந்தால் ஏன் இவ்வளவு சுடுசொல் பேசுகிறது? இந்தக் கேள்வியை நான் கோவில் மேடையிலும் கேட்டுவிட்டேன்.

ஆலையில் அந்த இளைஞருக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, அவர் தெலுக் இந்தானுக்கு வேலை மாறிப்போகலாம். போனால் மாலை முறையும் போய்விடும். அதனால் மூன்றாவதாக ஒருவருக்கு வேலை பழக்க இப்போதே ஏற்பாடு செய்யச் சொல்லி அவர் மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

கணவர் நிலைமை அப்படியே இருக்கிறது. அவருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. லோரி நின்றால் காசு நின்றது. உச்ச மாதங்களில் ஞாயிறும் ஓட்டுகிறார், ஸ்டியரிங் முன்னாலேயே கண் அயர்கிறார். மனைவிக்குப் போட்ட கணக்கு அவருக்குப் பொருந்தாது. ஆலைக் கிராணிக்கு மாதச் சம்பளம் என்ற அடித்தளம் இருந்தது, ஓ.டி.யைக் குறைத்தாலும் அது மிஞ்சியது. நடைக்கூலிக்காரருக்குக் குறைக்க எதுவும் இல்லை. லோரி முதலாளியிடம் வாரத்துக்கு ஒரு நாள் மாற்று ஓட்டுநர் வைக்கும்படி கேட்கலாம் என்றேன். "கேட்டா வண்டியவே மாத்திக் குடுத்துருவாரு" என்றார். அந்த முதலாளிக்கு இந்தப் பகுதியில் ஆறு லோரிகள் ஓடுகின்றன. ஆறு ஓட்டுநர்களும் சேர்ந்து போய்ப் பேசினால் ஒருவேளை கேட்பார். அவர்களில் நான்கு பேரின் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். அடுத்த பெற்றோர் சந்திப்பு நாளில் அவர்களை ஒன்றாக உட்கார வைக்கப் போகிறேன்.